குறட்டை நிற்கும்போது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்பு வலியும் அம்மாவின் இருமலும் இப்போது தேவலையா? எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சட்டையின் கழுத்துப் பொத்தான்தான் பூட்ட மறுக்கிறது.

போன வாரம் கிடங்கில் ஒரு கூத்து. பட்டப்பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டேன். இரண்டு மாவு மூட்டை கிழிந்து, உன் தம்பி தலையோடு கால் வெள்ளை! அடி எதுவும் இல்லை. "ராத்திரியெல்லாம் தூங்காம என்னய்யா பண்றே?" என்று சூப்பர்வைசர் கத்தினார். எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்?

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதோடு நிறுத்திக்கொள்.

அறையில் என்னோடு தங்கியிருக்கும் வெல்டர், கேலி செய்வதற்காக என் குறட்டையை ஃபோனில் பதிவு செய்திருந்தார். எல்லோரும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது குறட்டை நின்றது. அவர் விளையாட்டாக எண்ணத் தொடங்கி நாற்பது வரை போனார். பிறகு, நீரில் மூழ்கியவனை இழுத்துப்போட்ட மாதிரி நான் மூச்சு வாங்கும் சத்தம். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற நோயாக இருக்கும் என்கிறார் டாக்டர். பிரஷரும் ஏறியிருக்கிறது. பரிசோதனைக்கு அடுத்த மாதம்தான் தேதி.

அப்பாவின் குறட்டை நின்றால், "அப்பாடா, இப்பத்தான் மனுஷன் நிம்மதியா தூங்குறாரு" என்பாளே அம்மா. கடைசி நாளும் அதைத்தான் சொன்னாள். நாமும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெல்டருக்கு வேறு அறை. காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு ஃபோன் போடு, பேசக்கூட வேண்டாம். கிடங்கு வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன்.

நான் எடுக்காவிட்டால், நன்றாகத் தூங்குகிறான் என்று மட்டும் விட்டுவிடாதே.

உன் தம்பி