கன்னியாத் தண்ணீரில் கழுவிய றிவோல்வர்

நேற்று உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்கு வந்தேன். கிரியை முடிந்ததும் எல்லோரும் வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனார்கள். நானும் ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினேன். அந்த இளஞ்சூடு தோளில் பட்டதுதான் தாமதம், எனக்கு அழுகை வரவில்லை மச்சான், ஆத்திரம்தான் வந்தது. செத்தவனோடு சண்டை பிடிக்கக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ சண்டைக்கு நின்றாயா? ஒவ்வொரு முறையும் ஒரு பகிடியை விட்டுவிட்டு நழுவினாய். இனி நழுவ உன்னால் ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

துறைமுகப் பண்டகசாலைக் காவலில் நம் இருவருக்கும் சேர்த்து ஒரே துவக்கு, ஒரு றிவோல்வர். காலையில் உன் இடுப்பில் இருந்தால் மாலையில் என் இடுப்பில். வெள்ளைக்காரக் கடற்படை போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அவர்கள் விட்டுப்போன பழைய தோட்டாக்களைத்தான் சூட்டுப் பயிற்சிக்குத் தருவார்கள். அவற்றைச் சுட்டால் குழலுக்குள் ஒருவகை உப்புப் படியும். எண்ணெயில் அது கரையாது. தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் குழலிலும், தோட்டா போடும் ஆறு துளைகளிலும் ஊற்ற வேண்டும். உப்பும் கரையும், இரும்பும் சூடேறித் தானாகக் காய்ந்துவிடும். பிறகு கம்பியில் வேட்டிக் கிழிசலைச் சுற்றி உள்ளே ஓட்டித் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூச வேண்டும். கடைசியாகச் சுட்டவன் கழுவ வேண்டும் என்பது நமக்குள் இருந்த பேச்சு. காவலறையில் தேநீருக்கு வைத்திருந்த கேத்தலில்தான் தண்ணீர் கொதிக்கும்.

நம் காவல் அதிகாரி, அதுதான் சேர், தலைமைக் காவலாளி வேலைக்கு ஆள் எடுக்கவிருந்த நேரம் அது. அந்த வேலையோடு துறைமுகத்துக்குள்ளேயே ஒரு குவாட்டர்ஸும் தருவார்கள். எனக்கு அது எதற்கு என்று உனக்குத் தெரியும். என் மனைவிக்கு மூச்சிழுப்பு. நிலாவெளியிலிருந்து பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெரியாஸ்பத்திரிக்கு வருவதற்குள் அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிடும். "உனக்குத்தான் மச்சான் கிடைக்கும், சேர் என்னட்டயே சொன்னவர்" என்று நீதானே என் முதுகில் தட்டினாய்.

அந்த முறை பயிற்சி முடியுமுன்னரே அவளுக்கு இழுப்பு என்று ஆள் வந்தது. "நீ ஓடு, கழுவுற வேலையை நான் பாக்கிறன்" என்றாய். ஓடினேன். அடுத்த நாள் துவக்கை என் கையில் தந்தபோது கேட்டேன்.

"கொதிதண்ணி விட்டனியோ?"

"விட்டனான், விட்டனான். அடுப்பு மூட்டாமல் கடவுள் காய்ச்சின தண்ணி."

பகிடி என்று நினைத்தேன். மேலே எண்ணெய் மினுங்கியது. இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

பயிற்சி முடிந்து வரும் வழியில் கன்னியாவில் குளிக்க இறங்கிய நீ, துவக்கையும் சேர்த்துக் குளிப்பாட்டியிருக்கிறாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உலகத்தில் வேறு எந்தக் காவலாளிக்கும் இந்தப் புத்தி வந்திராது. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடுதான் அந்தத் தண்ணீருக்கு. இரும்பு காயுமா? ஈரத்தின் மேலேயே எண்ணெயைப் பூசியிருந்தாய். துறைமுகத்து உப்புக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது.

அந்தக் கிழமையே, துவக்கு என் இடுப்பில் இருந்த நேரம் பார்த்து, சேர் சோதனைக்கு வந்தார். தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, குழலின் பின்பக்கம் கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சம் விழுத்தி, முன்பக்கத்தால் பார்த்தார். உள்ளே செம்மண் அப்பியது போலத் துரு.

"இதை ஆர் கழுவினது?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பலைப் பார்த்தாய். "நான்தான் சேர்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஏசியிருப்பார், அவ்வளவுதான். நீ சொல்வாய் என்று நம்பிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். "ஒரு துவக்கைப் பாக்கத் தெரியாதவன் துறைமுகத்தைப் பாக்கப் போறானோ?" என்று என்னைக் கேட்டுவிட்டுச் சேர் போய்விட்டார்.

உன் சட்டையைப் பிடித்தேன். "கன்னியாத் தண்ணியும் சுடுதண்ணிதானே மச்சான்" என்றாய். நாளைக்கே சேரிடம் சொல்வதாகச் சத்தியம் செய்தாய். நாளை வந்தது, போனது. கடைசியில் நானே போய்ச் சொன்னேன். அவர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாது சேர்" என்றாய். என் முன்னாலேயே சொன்னாய். அந்த வேலையும் குவாட்டர்ஸும் உனக்கே வந்தன.

வீட்டில், துவக்குத் துருப்பிடித்ததால் வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நீ வந்தால் மீன் பொரித்துப் போடுகிறவள் அவள். அவளுக்கு ஒருவனை வெறுக்கக் கற்றுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உன்னோடு கதைப்பதையும் நிறுத்தவில்லை. ஒரே வாசலில் காவல் நிற்கிறவர்கள் எத்தனை நாளைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது? ஆனால் உன் குவாட்டர்ஸ் வாசல்படியை ஒருநாளும் நான் மிதிக்கவில்லை. நீ கூப்பிடாமலும் இல்லை, வெட்கம் கெட்டவனே.

சரி, அதெல்லாம் பழைய கோபம். புதுக்கோபத்தைக் கேள்.

நேற்றுக் கிரியை முடிந்து, நீ பென்சன் எடுத்தபின் கட்டிய வீட்டில் சாப்பாடு. நானும் என் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். உன் மனைவி மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, அவர் சாகிறதுக்கு முதலும் சொன்னவர். நான் அப்ப வயித்துப்பிள்ளைக்காரி எண்டு, நீங்கள் பழியை உங்கட தலையில போட்டு அந்த வேலையை எங்களுக்கு விட்டுத் தந்தனீங்களாம். இவன் பிறந்ததும் வளந்ததும் அந்த வீட்டில. அண்ணையின்ர காலில விழு, தம்பி."

விழுந்தான். பெடியனைத் தூக்கி விட்டேன். புருஷனை எரித்து ஒரு மாதமான பெண்ணிடம் நான் என்னத்தைச் சொல்ல? என் மனைவி இலையில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உனக்குப் பொய் சொல்ல வேறு பொய் கிடைக்கவில்லையா? நீ திருடியதை நான் தந்த தானமாக்கி, உன் பிள்ளைகளுக்கு முன்னால் நீயும் நல்லவனாகிவிட்டாய்.

நிலாவெளிப் பஸ்ஸில் திரும்பினோம். சாம்பல்தீவு தாண்டியதும் அவள் மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்.

"எனக்கு அந்த வீடு வேணும் எண்டு தெரிஞ்சுகொண்டோ குடுத்தனீங்கள்?"

"நான் குடுக்கேல்லை. அவன் எடுத்தவன்" என்றேன். கன்னியாவையும் கப்பலையும் நீ சேரிடம் சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இத்தனை வருடம் பொத்தி வைத்த எல்லாவற்றையும் அந்தப் பஸ்ஸில் கொட்டினேன்.

அவள் முழுவதையும் கேட்டாள்.

"செத்த மனுசனில பழி போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று விடிந்ததிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை. நான் அன்று உன்மேல் முறைப்பாடு சொன்னதை எடுத்துச் சொல்ல அந்தச் சேரும் இப்போது இல்லை. எனக்கிருந்த ஒரே சாட்சி நீதான், மச்சான்.