பூட்டிய கம்பெனியில் போன் மணி

17-1-91, வியாழன்

பனி. நேற்றுத் துவைத்த துணி காயவில்லை. விடியற்காலை ரேடியோவில் சொல்லிவிட்டான், ஈராக்கில் சண்டை தொடங்கிவிட்டதாம். சவுதிப் பக்கமும் ராக்கெட் வரலாமாம். என் மகன் பழனிச்சாமி அங்கே தம்மாமில் லாரி ஓட்டுகிறான். ரேடியோவில் அந்த ஊர்ப் பேரைச் சொல்வானா என்று காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். சொல்லவில்லை. பேட்டரிக் கட்டை வாங்க வேண்டும்.

நாளை வெள்ளி. அவனுக்கு லீவு, போன் செய்யும் நாள். மருமகள் சரசு வேலை பார்க்கும் பனியன் கம்பெனி நம்பருக்குத்தான் செய்வான். பொங்கலுக்குப் பூட்டியாயிற்று, திங்கள்தான் திறப்பு. சாவி மேனேஜரிடம். அவர் கணியூரில், மாமனார் வீட்டில். வாட்ச்மேனும் தெற்கே சொந்த ஊருக்கு.

நாத்தனார் வீட்டில் போன் உண்டு, டிவியும் உண்டு. பழனிச்சாமி கல்யாணப் பந்தியில் என் பிறந்த வீட்டாரைச் "சோத்துக்கு வந்த கூட்டம்" என்றவள். பச்சைக் கரைப் பட்டு உடுத்தியிருந்தாள். அங்கே மட்டும் போன் செய்யாதே என்று மகனுக்குக் கேசட்டில் பேசி அனுப்பியிருக்கிறேன்.

18-1, வெள்ளி

சரசுவும் நானும் கம்பெனி கேட் முன்னால். எதிர் டீக்கடையில் எவனோ, "பெட்ரோல் ஏறுச்சுன்னா நூலும் ஏறுமுங்க."

உள்ளே மணி அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. சரசு கேட்டைப் பிடித்து ஆட்டினாள்.

"அவருதானுங்க அத்தை!"

"ஆர்டர் கேக்கறவனா இருக்கும், அழுவாத." பொங்கலில் யார் ஆர்டர் கேட்பான்? கம்பி வழியே, "கண்ணு, சாப்டியா?" என்றேன். பைத்தியம்.

19-1, சனி

தந்தி ஆபீஸ். உன் அத்தை வீட்டு நம்பருக்குப் பேசு என்று மகனுக்குக் கொடுத்தோம். அவன் அத்தை என்றால் என் நாத்தனார்தான்.

"அனுப்புவோமுங்க. எப்பப் போய்ச் சேருமுன்னு சொல்ல முடியாதுங்க."

நேராக நாத்தனார் வாசல்.

"வா அம்மிணி. எங்க ஊட்டுப் போனு கடிக்காது."

காப்பி கொடுத்தாள். தொடவில்லை. டிவியில் இருட்டு வானம், பச்சைப் பச்சையாய் வெளிச்சம். எந்த ஊரோ. போனுக்கு உயிர் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துக் காதில் வைத்தேன்.

"எடுத்துட்டே இருந்தா அவன் எப்படிக் கூப்புடுவான்? வெய்யி!"

சரியாகத்தான் சொன்னாள். அதுவும் பொறுக்கவில்லை.

20-1, ஞாயிறு

நாத்தனார் வீட்டுப் போனில் மணி ஒரு தடவை. பாய்ந்து எடுத்தேன். அனுப்பர்பாளையத்திலிருந்து நாத்தனார் மகள். முறுக்கு மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

சரசுவைக் காலையிலேயே கம்பெனி கேட்டுக்கு அனுப்பினேன்.

"பூட்டிக் கெடக்கற எடத்துல அவளுக்கென்ன வேலை?" என்றாள் நாத்தனார்.

"தந்தி கெடைக்கலீன்னா அங்கதானுங்க கூப்புடுவான். எடுக்க முடியாட்டியும், மணி அடிச்சா ஆளு உசுரோட இருக்கான்னு தெரியுமுங்களே."

நாத்தனார் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் சரசு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"இன்னைக்கு அடிக்கவே இல்லீங்க அத்தை."