அப்பாவுக்கு வந்த அச்சு அட்டை

ஒகயாமா
ஏப்ரல் 20, 1976

மிச்சிக் கண்ணுக்கு,

உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. முப்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக எத்தனை ரயிலுக்குக் கொடி காட்டியிருப்பேன், இந்த ஒரு ரயிலுக்குக் கை எழவில்லை, போ.

உன் பெட்டியின் அடியில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நானே தூரிகை பிடித்து எழுதியது. "குளிர்ந்த கல்லானாலும் மூன்று வருடம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் சூடாகிவிடும்" என்று நம்மவர்கள் எல்லோரும் சொல்கிற அந்த வாசகம்தான். உன் அறைச் சுவரில் மாட்டு. பனி கொட்டும் யமகாதா, பெரிய விடுதி நடத்தும் குடும்பம், கண்டிப்பான மாமியார், எல்லாம் முதலில் சில்லென்றுதான் இருக்கும். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொள். அப்புறம் அந்த வீடே உன் சொல்லுக்கு ஆடும், பார்.

தாயில்லாமல் வளர்ந்த பெண் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

அப்பா தெய்ஜி


யமகாதா
நவம்பர் 8, 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

திராட்சை வந்தது. எனக்கு நாலு பழம் கிடைத்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கு நடைகளை மண்டியிட்டுத் துடைக்கிறேன். வெந்நீர் விருந்தினருக்கு மட்டும்தானாம். நேற்று மாமியார் தரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரயில்வேக்காரர் வீட்டுல தண்டவாளத்தைத்தான் துடைச்சுப் பழக்கமா?" என்றார். என் வீட்டுக்காரர் கோசாகு பக்கத்தில்தான் இருந்தார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒரு நல்ல செய்தி அப்பா. எனக்கு நாலு மாதம். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போவதுதானே வழக்கம்? நீங்கள் அழைத்து ஒரு வரி எழுதினால் இவர்கள் மறுக்க மாட்டார்கள். எழுதுவீர்களா?

உங்கள் மகள் மிச்சி


ஒகயாமா
நவம்பர் 14, 1976

மிச்சிக் கண்ணுக்கு,

முடிவெட்டுகிறவர் முதல் மீன்காரி வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "தாத்தாவுக்கு இப்பவே கால் தரையில நிக்கல!" என்று மீன்காரி கேலி செய்கிறாள்.

ஆனால் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பெட்டி கட்டுகிறாயே? பாதியில் எழுந்தால் கல் திரும்பவும் குளிர்ந்துவிடாதா? நான் அழைத்து எழுதப் போவதில்லை. சுவரில் இருக்கும் தாளை ஒரு தடவை பார். குழந்தைக்குக் கம்பளிக் குல்லா அனுப்புகிறேன்.

அப்பா தெய்ஜி


யமகாதா
அக்டோபர் 30, 1978

அன்புள்ள அப்பாவுக்கு,

நாவோவுக்கு ஒன்றரை வயதாகிவிட்டது. இன்னும் நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. உங்கள் படத்தைக் காட்டி "தாத்தா எங்கே?" என்றால் தொப்பியைத் தொட்டுக் காட்டுகிறாள்.

போன குளிரில் அவளைப் பிடித்த இருமல் இந்த வருடம் பனி விழுவதற்கு முன்பே திரும்ப வந்துவிட்டது. எங்கள் அறை வடக்குப் பக்கம், குளிர்காயக் கரி அடுப்பு கிடையாது. டாக்டர், "கொஞ்ச நாள் வெதுவெதுப்பான ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். ஒகயாமாவில் இரண்டு மாதம், அவ்வளவுதான். நீங்கள் அழைத்தால்தான் விடுவார்கள்.

தினமும் அந்தத் தாளைப் பார்க்கிறேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உட்கார உட்காரக் கல் சூடாகும், சரி. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது அப்பா? உட்கார்ந்திருப்பவள் உடம்பிலிருந்துதானே?

உங்கள் மகள் மிச்சி


ஒகயாமா
நவம்பர் 5, 1978

மிச்சிக் கண்ணுக்கு,

சின்ன வயதிலிருந்தே உனக்கு எதிர்வாதம் பேச வேண்டும். பெரியவர்கள் சொல்லிவைத்ததில் ஓட்டை தேடுகிறாய். குழந்தை என்றால் இருமத்தான் செய்யும். நீ இருமாத இருமலா?

இன்னும் ஐந்தே மாதம். ஏப்ரலில் மூன்று வருடம் முடிகிறது. தலை நிமிர்ந்து வா, பேத்தியோடு செர்ரிப் பூ பார்க்கலாம். அவளுக்கு ஒரு சின்ன ரயில் செய்துகொண்டிருக்கிறேன்.

அப்பா தெய்ஜி


(அச்சிட்ட அஞ்சல் அட்டை)

துக்க வீடாகையால் இவ்வருடம் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப இயலாததைப் பொறுத்தருளவும். எங்கள் மகள் நாவோ நவம்பர் 19 அன்று காலமானாள். தாங்கள் காட்டிவந்த அன்புக்கு நன்றி.

டிசம்பர் 1978
கோசாகு, மிச்சி


ஒகயாமா
டிசம்பர் 9, 1978

மிச்சி, என் கண்ணே,

தபால்காரர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று முகவரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த அட்டை யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? வருடத்துக்கு ஒரு வாழ்த்து அனுப்பும் சோப்பு வியாபாரிக்குப் போகும். சாவுக்குச் சொல்லி அனுப்பத் தேவையில்லாதவர்களுக்குப் போகும். நான் அவள் தாத்தா இல்லையா?

வருகிறது ஆட்டு வருடம் என்று, ஆட்டுக்குட்டி வரைந்து அவள் பேருக்குப் புத்தாண்டு அட்டை எழுதி வைத்திருக்கிறேன். ரயிலுக்குச் சக்கரமும் மாட்டியாகிவிட்டது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் படித்த அன்றைக்கே தெரியும். மகள் வாழாமல் வந்துவிட்டாள் என்று ஊர் பேசுமே என்று பயந்தேன். பாவி நான். வந்துவிடு அம்மா. இன்றைக்கே வந்துவிடு. இல்லை, நான் வரட்டுமா?

அப்பா


யமகாதா
டிசம்பர் 16, 1978

அப்பாவுக்கு,

வர வேண்டாம்.

மாமியார் எங்கள் அறையில் கரி அடுப்பு வைத்திருக்கிறார். "முன்னாடியே வெச்சிருக்கணும், முன்னாடியே வெச்சிருக்கணும்" என்று அழுகிறார். அறை இப்போது சூடாகத்தான் இருக்கிறது.

உங்கள் தாளைச் சுவரிலிருந்து எடுத்து நாவோவின் சவப்பெட்டியில், அந்தக் குல்லாவோடு வைத்தேன். அவளோடு எரிந்துவிட்டது.

ஏப்ரலில் மூன்று வருடம் முடியும். அதற்குப் பிறகும் நான் இங்கேதான் இருப்பேன். அவள் இங்கே இருக்கிறாள்.

மிச்சி