நூல் கட்டிய தக்காளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் என் பேரக் குட்டி வாலும் நலமாக இருக்க வேண்டும். வாலுக்குச் சளி விட்டதா, வெந்நீர் கொடு, கண்ட மருந்தையும் ஊற்றாதே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும், இது அப்பா காதில் விழக் கூடாத விஷயம். உன்னிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மொட்டை மாடியில் தக்காளிக்குக் கையால் மகரந்தம் சேர்க்கிறேன் என்று நான் அடித்த தம்பட்டம் உனக்குத் தெரியும். பெரிய சிவப்புச் செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டாகப் பார்த்து, ஊசியால் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தக் கூட்டை இடுக்கியால் எடுத்துவிட்டு, சின்ன மஞ்சள் தக்காளியின் மகரந்தத்தைத் தடவி, அடையாளத்துக்குத் தையல் நூல் கட்டினேன். எல்லாம் உதிர்ந்து ஒன்றே ஒன்றுதான் காய்த்தது. பாதி மஞ்சளாகப் பழுக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதுவோ அச்சு அசல் தாய்ச் செடியின் பழம் மாதிரியே சிவந்து நின்றது. உன் அப்பா தண்ணீர்க் குழாயைப் பிடித்தால் கரும்புக் காட்டில் யானை புகுந்த கதைதானே, என் காயைத் தட்டிவிட்டுவிட்டு, தெரியாமலிருக்க நூலை வேறு காயில் கட்டிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவரோடு தினமும் நடக்கப் போகிற நண்பர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் எதிரிலேயே, உங்களுக்கு நூலும் கட்டத் தெரியலை, பொய்யும் சொல்லத் தெரியலை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் தொடவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தேன், காலையிலும் சாப்பிடவில்லை. மத்தியானம் வந்து, சரி, நான்தான் கட்டினேன், எழுந்து சாப்பிடு என்றார். எனக்கு ஒரே வெற்றிப் பெருமிதம். உனக்கும் போனில் சொன்னேன், நீயும் அவரை நூல் திருடர் என்று கேலி செய்தாய், அவரும் கூடச் சிரித்தார். அதற்குப் பிறகு மாடிப் பக்கமே போகவில்லை. செடிக்கு நீயே தண்ணி ஊத்திக்கோ, என் கை சரியில்லை என்றுவிட்டார்.

போன வாரம் உன் சித்தி வந்தாள். தாவரவியல் டீச்சராயிற்றே, அவளிடமும் இந்தக் கதையை அளந்தேன். என்னக்கா இது, பழம் தாய்ச் செடி மாதிரிதான் வரும், கலப்பு விதைக்குள்ள இருக்கும், அதை முளைக்கப் போட்டு அந்தச் செடி காய்ச்சாத்தானே தெரியும் என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, தப்பு என் பேரில்தான், மன்னிச்சிடுங்க என்றேன். விடு, அன்னிக்கு நீ சாப்பிட்டே, அது போதும் என்றார். அதோடு விட்டிருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா. இதுக்கு முன்னாலயும் இப்படிச் செய்யாததை ஒத்துக்கிட்டிருக்கீங்களா என்று கேட்டேன். தலை நிமிராமல், அதையெல்லாம் யாரு எண்ணினா என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எத்தனை தடவை உன் கண் முன்னாலேயே அவரைக் குற்றவாளியாக நிறுத்தியிருப்பேன், நீயும் என் பக்கம் நின்றே வளர்ந்துவிட்டாய். அதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது, மகளே.

நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அவர்தான் எடுப்பார். எடுத்ததும், இரு, அம்மாகிட்ட தர்றேன் என்பார். தர விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா