ஐஸுக்குள் அப்பிள் பூ

ஏப்ரல் 9

ஒரு கிழமையாக வெயில் கொளுத்துகிறது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கம்பளிப் போர்வைகளை எல்லாம் தோய்த்து அலுமாரிக்குள் அடுக்கச் சொல்லிவிட்டார்கள். இன்று முழுக்க அந்த வேலைதான். கிழவர்கள் வாசலில் கதிரை போட்டு முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஷாஃப்ஹவுசன் நகரமே சந்தோசமாக இருக்கிறது, என் மனிசனைத் தவிர.

"இப்பவே எல்லாம் மொட்டு விட்டுட்டுது சுகந்தி. இனிக் குளிர் வந்தா துலைஞ்சுது."

வெயில் அடித்தாலும் கவலை, அடிக்காவிட்டாலும் கவலை. போன வருடம் கடைசியில் பொலிங்கர் என்ற கிழவரின் அப்பிள் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த நாளிலிருந்து திருவாளர் தவச்செல்வன் இப்படித்தான். காலையில் தொழிற்சாலை, பின்னேரம் தோட்டம், படுக்கையில் போனும் காலநிலையும்.

எங்களுக்குள் பேச்சு ஒன்றுதான். இந்த ஒரு வருடம். காய்த்தால் தொழிற்சாலையில் பாதி வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தோடு இருக்கலாம். காய்க்காவிட்டால் தோட்டத்துப் பூட்டின் திறப்பைப் பொலிங்கரிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கதையையே விட வேண்டும். சாமிப்படத்துக்கு முன்னால் ஒத்துக்கொண்டவர்.

ஏப்ரல் 14

வருசப்பிறப்பு. கோயிலில் தந்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகினோம். மகள் லக்சாயினி பேர்னில் இருந்து வீடியோவில் வந்து, "அம்மா, எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கோ" என்று பகிடி விட்டாள்.

பொங்கி முடித்துப் பார்த்தால் போத்தலில் மிச்சம் இருந்த மருத்துநீரைக் காணோம். ஆளையும் காணோம். பின்னேரம் சப்பாத்து நிறையச் சேற்றோடு வந்து நிற்கிறார்.

"மரத்துக்கும் வருசம்தானேயப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 17

மழை. ஐந்து பாகை. அடுக்கிய கம்பளிப் போர்வைகளைத் திரும்ப வெளியே எடுத்தோம்.

ஏப்ரல் 18

வானொலிக்காரி 'வெக்சல்ஹாஃப்ட்' என்கிறாள். மாறிமாறி இருக்குமாம். கொஞ்சம் வெயில், கொஞ்சம் மழை, அறுநூறு மீற்றர் உயரத்துக்கு மேலே ஸ்னோ. வரும் நாட்களுக்கும் அதுதான். ஐந்து நாளைக்குப் பிறகு வானம் வெளிக்கக்கூடும் என்றாள். நான் நல்லதுதானே என்றேன். இவர் முகம் கறுத்துப் போனது. மேகம் போர்வை மாதிரியாம். அது விலகினால் விடியப்புறம் உறைபனி விழுமாம். மரம் முழுக்கப் பூ.

பொலிங்கரும் போன் எடுத்து அதையே சொன்னார். இடுப்பு ஒப்பரேசனுக்குப் பிறகு அந்த மனிசன் ஜன்னலோரம் இருந்து வானத்தைப் பார்க்கிறார், அவர் பார்த்துச் சொல்வதை இவர் கேட்கிறார்.

பிறகு எங்களுக்குள் சண்டை. என்னால் வாயை அடக்க முடியவில்லை. நான் ஏன் இந்தத் தோட்டத்தை வேண்டாம் எண்டனான்? என்ர அப்பா வயல்காரன். மழை வரேல்ல எண்டு ஒரு வருசம் அழிஞ்சுது, மழை விடேல்ல எண்டு அடுத்த வருசம் அழிஞ்சுது. வானத்தைப் பாத்துப் பாத்தே கழுத்து நோ வந்த மனிசன். இரவில அம்மா நல்லெண்ணெய் தேச்சு விடுவா. இஞ்ச வந்து, மழையோ வெயிலோ இருபத்தைஞ்சாம் திகதி சம்பளம் வருது எண்டு கண்ட அண்டைக்கு நான் சந்தோசத்தில அழுதனான். இப்ப இந்தாள் என்னைத் திரும்ப வானத்துக்குக் கீழ கொண்டுபோய் நிப்பாட்டுது.

அழிஞ்சா அழியட்டும். ஒரேயடியா முடியட்டும். அவருக்குக் கத்தியும் சொல்லிப்போட்டன், இஞ்ச எழுதியும் போட்டன், இனி அழிக்கமாட்டன்.

ஏப்ரல் 20

மழையோடு ஸ்னோ. தோட்டத்தில் இவர் தண்ணீர் தெளிக்கும் குழாய்களைச் சரிபார்க்கிறார். உறைபனி விழுந்தால் பூக்களுக்கு மேலே தண்ணீர் தெளிப்பாராம்! சாப்பாட்டு மேசையில் கேட்டேன், "குளிர்ல நடுங்குற ஆளுக்கு மேல தண்ணி ஊத்துவீங்களோ?"

"தண்ணி உறையேக்க கொஞ்சம் சூட்டை விடும். அந்தச் சூடு பூவைக் காப்பாத்தக் காணும். ஆனா ஒண்டு, துவங்கினா நிப்பாட்டக் கூடாது. ஐஸ் தானா உருகி விழும் வரைக்கும் தண்ணி விழுந்துகொண்டே இருக்க வேணும். இடையில விட்டா முழுக்கச் செத்துப்போகும்."

ஐஸுக்குச் சூடாம். எனக்கு இவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் போட்டேன்.

ஏப்ரல் 22

நாளைக்கு விடிய மைனஸ் நாலு. வானம் வெளிக்கிறது, காற்றும் விழுந்துவிட்டது. இவருக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. கூட வேலை செய்பவர் சுகமில்லாமல் படுத்துவிட்டதால் லீவு இல்லை. எனக்கு நாளைக்கு ஓய்வு நாள். இவர் கேட்கவில்லை. கேட்காமல் தேத்தண்ணிக் கோப்பையை மூன்று தரம் கழுவினார்.

"முதல் பஸ்ஸில வாறன். அதுக்குப் பிறகு நீங்கள் வேலைக்குப் போங்கோ" என்றேன். ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 23

கை வீங்கி இருக்கிறது. என்றாலும் இன்றே எழுத வேண்டும், நாளைக்கு எழுதினால் நானே நம்பமாட்டேன்.

நான் போய் இறங்கியபோது மெல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஓடையில் இருந்து தண்ணீர் இழுக்கும் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுக்கக் காவல் இருந்த இவர் காருக்குள் இருந்து எழும்பி வந்தார், கண் இரண்டும் சிவப்பு. மோட்டரை நிறுத்தும் பிடியைக் காட்டி, "இதைத் தொடாத. ஐஸ் விழும் வரைக்கும் தொடாத" என்றார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அந்தத் தண்ணீர்ச் சத்தமும்தான்.

பிறகு வெளிச்சம் நன்றாக வந்தது. நான் கண்டேன்.

ஒவ்வொரு பூவும் ஐஸுக்குள் இருந்தது. ஒன்று இரண்டு இல்லை, தோட்டம் முழுக்க. ஜெலிக்குள் பழம் போட்டு வைத்த மாதிரி, இதழ் கசங்காமல், உள்ளே இருக்கும் மஞ்சள் பொடிகூடத் தெரிகிறது. மரங்களைத் தாங்கும் கம்பிகளில் இருந்து ஐஸ் தொங்குகிறது. புல்லும் ஐஸ். அதற்கு மேலே இன்னும் இன்னும் தண்ணீர் விழுந்து உறைகிறது. வெயில் வந்து பட்டது. என்ன நிறம், என்ன நிறம்! பச்சை, ஊதா, ரோசா, எல்லாம் ஒரே மரத்தில் மின்னுகிறது. இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இருந்தும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. சத்தமாக "அம்மாடியோ" என்றேன். கேட்க யாரும் இல்லை. கையைக் கூப்பினேன். யாரை என்று தெரியாது.

அந்த நேரம் ஒரு கிளை முறிந்தது. பாரம் தாங்கவில்லை. அடுத்த வரிசையிலும் ஒன்று. வெயில்தான் வந்துவிட்டதே, போதாதா? போய் மோட்டரின் பிடியைப் பிடித்தேன். பிடித்தபடி நின்றேன்.

நிப்பாட்டலாம். ஆருக்குத் தெரியும்? மோட்டர் தானா நிண்டிட்டுது எண்டு சொல்லலாம். இவர் ஒண்டும் கேக்கமாட்டார். திறப்பைக் கொண்டுபோய்க் கிழவரிட்டக் குடுத்திடுவார். எல்லாம் முடிஞ்சிடும். நான் கேட்டது அதைத்தானே?

முகத்துக்கு நேரே ஒரு கொத்து இருந்தது. பார்த்தேன். ஐஸுக்கும் இதழுக்கும் நடுவே ஒரு சின்னத் தண்ணீர்க் குமிழி. அது அசைந்தது. மெல்ல, மெல்ல, பூவைச் சுற்றிக் கீழே போனது. உள்ளே உறையவில்லை! வெளியே கல்லு மாதிரி ஐஸ், உள்ளே தண்ணீர் ஓடுகிறது. இவர் சொன்னது உண்மை. ஐஸ்தான் அந்தப் பூவை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. என் கை தானாகப் பிடியை விட்டது. கண்ணால் தண்ணீர் வந்து கன்னத்தில் குளிர்ந்தது.

அப்போது பார்த்துத் தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. ஓடைக்கரைக்கு ஓடினேன். குப்பை உள்ளே போகாமல் குழாய் வாயில் போட்ட கம்பிக் கூடையை இலையும் குப்பையும் மூடியிருந்தன. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கை வரை கையை விட்டு அள்ளினேன். குளிர் இல்லை அது, நெருப்பு. "விடடி, விடடி" என்று ஓடையைத் திட்டித் திட்டி அள்ளினேன். திரும்பச் சத்தம் வந்தது. ஏழாவது வரிசையில் மட்டும் வரவில்லை. அங்கே தெளிக்கும் வாய்கள் உறைந்துவிட்டன. கொண்டுவந்த சுடுதேத்தண்ணியை ஊற்றிப் பார்த்தேன், அசையவில்லை.

அதற்குப் பிறகு அங்கேயும் இங்கேயும் ஓடிக் கூடையை அள்ளிக்கொண்டே இருந்தேன். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் முதல் ஐஸ் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தோட்டம் முழுக்கச் சலசலவென்று கொட்டத் தொடங்கியது. பூக்கள் நனைந்தபடி வெளியே வந்தன. அப்போதுதான் பிடியைத் தொட்டேன்.

இவர் வேலை முடிந்து ஓடி வந்தார். "இடையில நிப்பாட்டேல்லயே?"

"உங்களுக்குக் கண் இல்லையோ? பாருங்கோ!"

பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். அவற்றைத் தன் ஜாக்கெட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 24

இன்று மேகம். உறையவில்லை. வேலையில் போர்வை மடிக்கும்போதும் அந்தக் குமிழிதான் கண்ணுக்குள்.

ஏப்ரல் 27

பொலிங்கர் ஊன்றுகோலோடு தோட்டத்துக்கு வந்தார். ஒரு பூவைப் பிய்த்து நகத்தால் பிளந்து காட்டினார். நடுவே பச்சை என்றால் உயிர், கறுப்பு என்றால் போய்விட்டது. ஏழாவது வரிசையில் நான் பிளந்த எல்லாமே கறுப்பு. மற்ற வரிசைகளில் பச்சை, பச்சை, பச்சை. கிழவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார். நான் வெட்கத்தில் ஏழாவது வரிசையைக் காட்டி, இது என்னால் முடியவில்லை என்றேன்.

மே 15

எட்டுப் பாகை, மழை. எங்களுக்கு ஒன்பது கிரகம், இவர்களுக்கு மே மாதத்தில் ஐந்து குளிர்ப் புனிதர்கள். கடைசி ஆள் சோஃபி, இன்று அவளுடைய நாள். அவள் போனால் உறைபனிப் பயம் இல்லையாம். காலையில் விளக்கு வைக்கும்போது, "சோஃபி அம்மா, பேசாமல் போய்விடு" என்று அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டேன். போய்விட்டாள்.

இவர் பாதி வேலைக் கதையை எடுக்கவே இல்லை. பயம். கடைசியில் நான்தான் சொன்னேன், "பேச்சு பேச்சுதானே? எழுதிக் குடுங்கோ." கரண்டியைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

ஜூன் 20

ஒரு கொத்தில் நாலைந்து காய். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப் போட வேண்டுமாம், அப்போதுதான் மிச்சம் பெருக்குமாம். நிலம் முழுக்கப் பச்சைக் காய். எனக்குக் கை வரவில்லை. மோட்டருக்குப் பக்கத்து மரத்தில் அந்தக் கொத்தைக் கண்டுபிடித்தேன். ஐந்தும் காய்த்திருக்கின்றன.

"இந்த மரத்தில மட்டும் கை வைக்காதேங்கோ."

"எல்லாம் சின்னன் சின்னனாப் போகும் சுகந்தி."

"போகட்டும். ஐஸுக்குள்ள கிடந்து தப்பினதை நானே கிள்ளி எறியிறதோ?"

"அழிஞ்சா அழியட்டும் எண்டு கத்தினது ஆர்?"

"அது வேற ஆள்."

சிரித்துக்கொண்டே அந்த மரத்தைத் தாண்டி அடுத்ததுக்குப் போனார்.

நாளைக்கும் வெக்சல்ஹாஃப்ட். பின்னேரம் இடிமழை, ஆலங்கட்டி விழலாம். மரங்களுக்கு மேலே ஆலங்கட்டி வலையை இப்போதே இழுத்து மூட வேண்டும் என்று நான் சொன்னால், காலையில் பார்ப்போம் என்கிறார். இவருக்கு ஒன்றும் விளங்காது. சாப்பிட்ட பிறகு மூன்று தரம் பல்கனிக்குப் போய் மேற்குப் பக்கம் பார்த்துவிட்டு வந்தேன். கழுத்து நோகிறது. இவர் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து நிற்கிறார்.