நாற்பது நொடி முன்னால்

ஏரிக்கரைத் தெரு வீடு,
நவம்பர் 18, திங்கள்.

அன்பு மகள் டெனிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளை கர்ட்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். திங்கட்கிழமை ஐந்து நிமிடம் பேசுகிறோம், அதில் பாதி இரண்டு ஊர்ப் பனியைப் பற்றியே போய்விடுகிறது. நீ வேலைக்குக் கிளம்புகிற அவசரம் குரலில் கேட்டதும் நான் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது.

ஜனவரியில் நம் ஊர் ஃபுட்பால் அணியின் கடைசி ஆட்டத்தன்று நடந்ததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு ரேடியோ வர்ணனை கேட்பது உன் அப்பா காலத்துப் பழக்கம், உனக்குத் தெரியும். ரேடியோ முன்னால் ஓடும், டிவி பின்னால் வரும், உன் வீட்டில் இன்டர்நெட்டில் வருகிற படம் அதற்கும் பின்னால் நாற்பது நொடி கழித்து வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசி உதை கம்பத்துக்கு வெளியே போனதும் கை தானாக உன் நம்பரைப் போட்டுவிட்டது. நீ ஸ்பீக்கரில் எடுத்தாய், 'போச்சுடி, வெளிய அடிச்சுட்டான்' என்று நான் அழுதேன். உன் வீட்டில் கூடியிருந்த பதினோரு பேரும் அந்தப் பையன் உதைக்க ஓடி வருவதைக்கூட அப்போது பார்த்திருக்கவில்லை. 'ஆட்டம் நடக்கும்போது இனிமே கூப்பிடாதம்மா' என்றாய். நீ சொன்னது நியாயம்தான். இந்த சீசனில் பதினொரு வாரம் ஆகிவிட்டது, நான் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

நேற்றைய ஆட்டம் நீயும் பார்த்திருப்பாய். மூன்று புள்ளியில் தோற்றோம். நம் ஆள் பந்தைப் பிடிக்கக் கையைத் தூக்கும் முன்பே எதிராளி அவன் முதுகில் ஏறியாகிவிட்டது. கோடு போட்ட சட்டையில் ஏழு நடுவர்கள் நிற்கிறார்கள், தப்பு என்று காட்ட வீசும் மஞ்சள் துணிக்கு ஒருத்தர் கைகூடப் போகவில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான், ரோட்டையும் பார்த்துக்கொண்டு பின்னால் யார் யாரைக் கிள்ளினான் என்று கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவேன், இவர்களுக்கு ஓட்டுவதற்கு பஸ்கூடக் கிடையாது. இந்த மாதிரித் தப்பை வீடியோவில் திரும்பப் பார்க்கலாம் என்று முன்பு ஒரு வருடம் விதி வைத்தார்கள், அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். தங்கள் தப்பை ஊரே இரண்டு தடவை பார்ப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ஸ்டான் காலையில் என் வாசல் பனியைத் தள்ள வந்தார், அவரிடமும் இதையே சொன்னேன். 'லொரெய்ன், நீ நடுவரா இருந்தா மைதானம் பூரா மஞ்சத் துணிதான் கெடக்கும், ஞாயித்துக்கெழமை ஆட்டம் புதன்கெழமைதான் முடியும்' என்றார். முடியட்டுமே, எனக்கு என்ன வேலை இருக்கிறது என்றேன்.

நடுவரை மட்டும் திட்டி என்ன செய்வது. நாலாவது முயற்சி, அதுதான் கடைசி, பந்து நம்மிடமே இருக்க ஒரே ஒரு கஜம் பாக்கி, முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு ஃபிரிட்ஜ் அளவு இருக்கிறார்கள், ஒன்றாகச் சாய்ந்தாலே அந்த ஒரு கஜம் கிடைத்துவிடும். நம் கோச் பந்தை உதைத்து எதிராளி கையில் கொடுக்கச் சொல்கிறார். கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் மூன்றையும் முன்பே கரைத்துவிட்டு, கடைசி இரண்டு நிமிடம் கடிகாரம் ஓடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். லீக்காரர்களோ இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் விருந்து நாளான வியாழக்கிழமை ஆட்டத்தை நம் ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அடிபட்டவன் நாலாம் நாள் எப்படி ஓடுவான்? வீரர்கள் உடம்புதான் முக்கியம் என்று அதே வாயால் பேசுகிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் ஸ்டானும் அவர் மனைவி பெவர்லியும் அன்று ஸ்டேடியத்தில் இருப்பார்கள், வழக்கமாக அவர்கள் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. 'நீயும் வாயேன், கார் நிறுத்துற எடத்துலயே அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுக்கலாம்' என்று பெவர்லி கூப்பிட்டாள். அந்த சிமெண்ட் படிகளை இந்த முழங்கால் ஏறாது. ஒரு ஆளுக்கு முழு வான்கோழி எதற்கு என்று கோழித்தொடை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

எல்லாம் கண்ணால் பார்த்தவள் போல எழுதிவிட்டேன். டெனிஸ், நேற்றைய ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. இந்த சீசனில் எதையுமே பார்க்கவில்லை. செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன், நம் பையன் அறுபது கஜம் ஓடிப் புள்ளி எடுத்தான், போனை எடுத்துவிட்டு அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா போன பிறகு ஆட்டம் பார்க்கப் போனில் நீதான் எனக்குத் துணை. தனியாக உட்கார்ந்து கத்தினால் எனக்கே என்னவோ போல் இருக்கிறது, கத்தாமல் பார்க்கவும் எனக்குத் தெரியாது. டிவியை அணைத்துவிட்டேன். மேலே எழுதியதெல்லாம் ஸ்டான் சொன்னதும் பேப்பரில் வந்ததும்தான். ஞாயிறு ஒரு மணிக்கு மளிகைக் கடைக்குப் போய்விடுகிறேன், அந்த நேரத்தில் நம் ஊரில் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். நேற்று கல்லாவில் இருந்த பெண் என் அணி ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு 'ஸ்கோர் என்ன மேடம்?' என்று கேட்டாள். 'நல்லாத்தான் போகுது' என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது நாம் பதினேழு புள்ளி பின்தங்கி இருந்திருக்கிறோம். காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

உங்கள் இருவருக்கும் கடவுள் நல்ல உடம்பையும் நிறைந்த மேஜையையும் கொடுக்கட்டும். வான்கோழியின் வயிற்றுக்குள் வைத்திருக்கும் ஈரல் பொட்டலத்தை வெளியே எடுத்துவிட்டு அடுப்பில் வை, போன வருடம் போலக் காகிதத்தோடு வேகவிடாதே. தேங்க்ஸ்கிவிங் ஆட்டம் இங்கே சாயங்காலம் நாலரைக்கு, உனக்குப் பகல் பன்னிரண்டரை. நான் கூப்பிட மாட்டேன், முடிந்தால் நீ கூப்பிடு. டிவியும் ரேடியோவும் போடாமல் இருப்பேன், உனக்கு முன்னால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. என்னோடு பேசக்கூட வேண்டாம், போனை மேஜையில் வைத்துவிட்டு நீங்கள் பாருங்கள், உங்கள் சத்தத்தை வைத்தே நான் தெரிந்துகொள்வேன்.

உன் அன்புள்ள அம்மா,
லொரெய்ன்