நுரைக்காத மணல்

பரங்கிப்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

பிரியமுள்ள மச்சானுக்கு நஸீமா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாத்திரை போடத்தான் அடம். எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு குறையைத் தவிர. அது உங்களுக்கே தெரியும்.

வீடியோ காலில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கிறார்கள். நீங்களும் சரி சரி, பார்ப்போம் என்று சிரித்தே மழுப்பிவிடுகிறீர்கள். நாளை அப்துல் வதூது மாமா மஸ்கட் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், முழுசாகப் படியுங்கள்.

மச்சான், தொட்டியில் மீன் பிழைத்துவிட்டது!

போன லீவில் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? முன் அறையில் வண்ணமீன் கடை வைக்கலாம், வெளிநாடு போதும் என்று நான் சொன்னதற்கு, "மொதல்ல ஒரு மீன உசுரோட வச்சிக் காட்டு, அப்பறம் பேசலாம்" என்றீர்கள். கண்ணாடித் தொட்டியையும் நீங்களே வாங்கி வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். உங்கள் புது காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவது இந்த மாதக் கடைசியில். அதற்குள் காட்டியாக வேண்டுமே என்றுதான் இத்தனை நாளும் தவித்தேன்.

முதலில் வாங்கிய மீன்கள் செத்ததற்கு நீங்கள்தான் காரணம், கோபப்படக் கூடாது. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணலை யாராவது கடையில் வாங்குவார்களா என்று கேட்டது யார்? நானும் கடற்கரையில் வாளி வாளியாக அள்ளி வந்து, உப்புப் போக அலசி அலசிப் போட்டேன். கடலூரில் வாங்கிய கோரி மீன்கள் பாவம். நம்ம கெளுத்தி போல மீசை வைத்துக்கொண்டு தரையைக் கிளறித் தின்னும் சின்ன மீன்கள். மீசை தேய்ந்து, மூலையில் ஒதுங்கி, ஒவ்வொன்றாகப் போய்விட்டன. நம்ம வீட்டுக்கு மீன் குழம்பில்தான் ராசி என்று மாமி சொன்னார். நான் அழுதேன், சிரிக்காதீர்கள்.

தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகக் கறை. பாத்ரூம் குழாயைத் தேய்ப்பது போல எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தேன். சாறு மணலில் சொட்டிய இடமெல்லாம் சோடா போல நுரைத்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், பாதிக்குப் பாதி கிளிஞ்சல் தூள். அந்தச் சுண்ணாம்பு கரைந்து கரைந்துதான் தண்ணீர் கடுத்துப் போயிருக்கிறது. அதன் கூர்தான் மீசையையும் அறுத்திருக்கிறது.

அன்றிலிருந்து கைப்பையில் எலுமிச்சம்பழத்தோடுதான் சுற்றினேன். சிதம்பரத்தில் ஒரு கடையில் நீலமும் ரோஸுமாகக் கல் காட்டினார்கள், ஆசையாகத்தான் இருந்தது. ஈரக் கைக்குட்டையில் தேய்த்தேன், கைக்குட்டை நீலமாகிவிட்டது. கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் நுரைக்கவில்லை, ஆனால் விரலிலேயே குத்துகிறது, மீன் வாய் என்னாகும்? நம்ம தெருக்கோடியில் ராஜமாணிக்கம் அண்ணன் வீடு கட்டுகிறார், வாசலில் ஆற்று மணல் குவிந்து கிடந்தது. மதியம் ஆள் இல்லாத நேரமாகப் போய், அங்கங்கே பழத்தைப் பிழிந்து பார்த்தேன். நுரையே இல்லை! அந்தச் சந்தோஷத்தில் எலுமிச்சை மூடிகளை மணலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் அங்கே வேலை நின்றுவிட்டது. அறுத்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அண்ணனின் மனைவி ரத்தினம்மாள் அக்கா நடுத்தெருவில் நின்று, "நாங்க வூடு கட்டறது யாருக்குப் பொறுக்கல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமி என்னை உள்ளே இழுத்து, வாயைத் திறக்காதே என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கிண்ணத்தில் கடல் மணலையும் கையில் ஒரு பழத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். எல்லோர் முன்னாலும் பிழிந்து நுரையைக் காட்டினேன். அப்புறம் அவர்கள் மணலில் பிழிந்தேன், சும்மா கிடந்தது. மீன் தொட்டிக்காகத்தான் அக்கா, உங்கள் மணல்தான் சுத்தம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். கொத்தனாரைத் திட்டி வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டு, தாமே ஒரு வாளி மணல் கொண்டு வந்து கொடுத்தார். அதோடு விட்டாரா? அவருக்குப் பிறந்த வீடு பண்ருட்டி. எங்கள் செம்மண்ணில் முந்திரியும் பலாவும் காய்க்கும்போது உன் தொட்டியில் செடி வளராதா என்று ஒரு பை மண்ணும் வரவழைத்தார். அதை அடியில் போட்டு மேலே மணலைப் பரப்பி, புதிதாக வாங்கிய கோரி மீன்களை விட்டேன். அவை கிளறிய கிளறலில் தொட்டி முழுக்க டீத்தண்ணீர். எல்லாவற்றையும் வாரிவிட்டு, செம்மண்ணைச் சின்னச் சட்டிகளில் அடைத்துச் செடி நட்டு, மற்ற இடத்தில் வெறும் மணல் போட்டேன். அதுதான் சரிப்பட்டது. இப்போது சாயங்காலமானால் என் மணல் எப்படி இருக்கிறது என்று அக்கா ஆஜராகிவிடுகிறார்.

இன்று விடியலில் சுப்ஹு தொழுதுவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், கண்ணாடியில் ஜவ்வரிசி ஒட்டினாற்போல முட்டைகள். மீன்களோ ஒன்றும் தெரியாதது போல மணலில் முகத்தைப் புதைத்து, செவுள் வழியாக அதைத் துப்பிக்கொண்டு திரிகின்றன. மீசை முழுசாக இருக்கிறது மச்சான். நான் போட்ட கூச்சலில் மாமி முட்டிவலியை மறந்து ஓடி வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கேயோ பொறந்த மீனு, இத வூடுன்னு நம்பிடுச்சி" என்றார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பெற்ற மனசு யாரை நினைத்துக்கொண்டது என்று நான் எழுத வேண்டியதில்லை.

நீங்கள் ஒரு மீன் கேட்டீர்கள், நான் ஒரு குடும்பத்தையே காட்டிவிட்டேன். இனி பேச வேண்டியது நீங்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடை ஓடுமா ஓடாதா என்று எனக்கும் பயம்தான். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அந்தப் பயத்தைச் சமாளித்துக்கொள்வேன்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வருவதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள்.

துஆவுடன்,
உங்கள் நஸீமா.